இருபது கஜத்தில் ஒரு மான்

துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் அமெரிக்கருக்கு இருநூறு கஜம் பெரிய தூரமில்லை. வில்லோடு போகிறவருக்குக் கணக்கே வேறு. மான் இருபது கஜத்துக்குள் வர வேண்டும். கை தேர்ந்தவர்கூட முப்பது, நாற்பது கஜத்துக்கு அப்பால் நிற்கும் மான் மீது அம்பு விடத் தயங்குவார். இருபது கஜம் என்றால் அறுபது அடி. அந்த நெருக்கத்தில் மானின் காது மடிவதும் மூக்கு ஈரமாக மின்னுவதும் கண்ணுக்குத் தெரியும். மானுக்கும் மனிதனின் அசைவு தெரியும், ஆடை உரசும் ஓசை கேட்கும், அதற்கெல்லாம் முன்பே வாடை எட்டிவிடும்.

அதனால்தான் வில்காரர் மரத்தில் ஏறுகிறார்.

வட அமெரிக்காவின் வில் வேட்டையில் பெரும்பகுதி வெண்வால் மானைத் தேடித்தான் நடக்கிறது. மிரண்டு ஓடும்போது வாலை உயர்த்தி அதன் அடிப்பக்க வெண்மையைக் காட்டுவதால் வந்த பெயர். கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிலும் முக்கால் வட்டத்துக்கு மேல் அதனால் பார்க்க முடியும். நிறங்களில் அதன் பார்வை நம்மைவிடக் குறைவு. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கலாகவே தெரிகின்றன. நீலமோ பளிச்சென்று தெரிகிறது. எனவே ஆரஞ்சு மேல்சட்டை அணிந்து அசையாமல் இருப்பவரைவிட, நீல ஜீன்ஸ் அணிந்து காலை ஆட்டுபவர் சீக்கிரம் அகப்பட்டுவிடுவார். அசைவுதான் மானின் கண்ணுக்கு முதல் எச்சரிக்கை. மூக்கு அதையும் மிஞ்சியது. மனித வாடை கலந்த காற்று ஒருமுறை எட்டிவிட்டால் மான் நிதானித்துப் பார்ப்பதில்லை. முன்காலால் தரையைத் தட்டும், மூக்கால் வெடிப்பாக ஊதும், அடுத்த கணம் வால் மட்டும்தான் தெரியும்.

பதினைந்து முதல் இருபத்தைந்து அடி உயரத்தில் கட்டிய பரணில் உட்காரும்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மானைத் தின்னும் விலங்குகள் பெரும்பாலும் தரையிலிருந்தே வருவதால், அது தலைக்கு மேலே அவ்வளவாகத் தேடுவதில்லை. வாடையும் சிறிது தூரம் வரை அதன் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. புதர்களுக்கு மேலிருந்து பார்ப்பதால் வேட்டைக்காரருக்குப் பார்வை விரிகிறது. ஆனால் மான் கற்றுக்கொள்ளும் பிராணி. ஒரு மரத்தின் மேலே ஒருமுறை மனிதனைப் பார்த்துவிட்ட வயதான பெண் மான், அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதே மரத்தை அண்ணாந்து பார்க்கும். கொம்பு வைத்த கிடாவைவிட இந்தக் கிழப் பெண் மான்களுக்குத்தான் அனுபவசாலிகள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

பரணில் பல வகை. மரத்தோடு சாய்த்துக் கட்டிய இரும்பு ஏணியின் உச்சியில் இருக்கை வைத்தது ஒன்று. புதியவர்களுக்கு அதுதான் ஏற்றது. அடிமரத்தில் வார்ப்பட்டையால் இறுக்கித் தொங்கவிடும் சிறு மேடை இன்னொன்று. அதற்கு ஏற, துண்டு துண்டான ஏணிகளைத் தனியே கட்ட வேண்டும். கிளையில்லாத நேரான மரங்களில், இரண்டு பாகமாக உள்ள மேடையைக் கையாலும் காலாலும் மாற்றி மாற்றி நகர்த்தி மேலே போகும் ஏறு பரணும் உண்டு. அண்மைக் காலத்தில் பலரும் மேடையையே விட்டுவிட்டு, மரம் வெட்டும் தொழிலாளர்கள் பயன்படுத்துவது போன்ற இடுப்புத் தொட்டிலில் கயிற்றோடு தொங்கியபடி காத்திருக்கிறார்கள். அரசுக் காடுகள் பலவற்றில் மரத்தில் ஆணி அடிக்கவோ திருகாணி முடுக்கவோ அனுமதி கிடையாது.

பரணை எந்த மரத்தில் கட்டுவது என்பதில்தான் பாதி வேட்டை முடிந்துவிடுகிறது. மான் பகலில் படுக்கும் அடர்ந்த புதருக்கும், அந்தியில் மேயப் போகும் வயலுக்கும் இடையில் ஒரு தடம் இருக்கும். ஓக் கொட்டைகள் உதிரும் காலத்தில் வயலைக்கூட மறந்து அந்த மரத்தடிக்கு வரும். அதிலும் துவர்ப்புக் குறைந்த வெள்ளை ஓக்கின் கொட்டைதான் அதற்கு முதல் விருப்பம். இதையெல்லாம் கண்டுபிடித்த பிறகும், அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். காற்று பரணிலிருந்து தடத்தை நோக்கி வீசினால் அன்று அந்த மரத்தில் ஏறவே கூடாது. மலைச்சரிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று சரிவில் மேல்நோக்கி நகரும். மாலையில் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை அறிய, நம் எருக்கின் உறவுச் செடியான மில்க்வீடின் விதைப்பஞ்சைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். ஒரு பஞ்சை விரலிலிருந்து விட்டால், அது மிதந்து போகும் வழிதான் வாடை போகும் வழி.

வடமாநிலங்களில் நவம்பர்தான் உச்சம். பகல் குறுகுவதை உணர்ந்து மான்களின் உடல் இணைசேரும் பருவத்துக்கு மாறுகிறது. மற்ற மாதங்களில் இருட்டில் மட்டும் நடமாடும் பெரிய ஆண் மான் அப்போது பட்டப்பகலில் பெண் மானைத் தேடி அலையும். இளமரங்களில் கொம்பை உரசிப் பட்டையை உரிக்கும். தரையைக் குளம்பால் கீறித் தன் மூத்திர வாடையைப் பதிக்கும். இந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காடு நிறையச் சொல்லும். ஆனாலும் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டில் ஏறி, உறையும் குளிரில் மதியம் வரை அசையாமல் உட்கார்ந்து, ஒரு மானும் வராமல் இறங்குவதே வழக்கம்.

இன்றைய அமெரிக்க வில் வேட்டையின் வரலாறு ஒரு துயரத்தில் தொடங்குகிறது. 1911 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே பசியால் மெலிந்த ஒரு மனிதர் தன்னந்தனியாகக் காட்டிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைக் குடியேறிகளின் படுகொலைகளுக்கும் பசிக்கும் பலியாகி அழிந்துபோன யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். தம் பெயரைச் சொல்ல மறுத்த அவரை இஷி என்று அழைத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவர் தங்கவைக்கப்பட்டார். பக்கத்திலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு வைத்தியம் பார்க்கப் போய் நண்பரானார். வில் செய்வது, அம்பு தீட்டுவது, மானுக்கு அருகில் பதுங்கிப் போவது எல்லாவற்றையும் இஷியிடம் கற்றுக்கொண்டார். 1916-இல் காசநோயால் இஷி இறந்தார். தாம் கற்றதை போப் 1923-இல் புத்தகமாக எழுதினார். அதைப் படித்து வில்லைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம். போப்பின் பெயரையும் அவருடைய தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் சேர்த்து 1961-இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அந்தப் பெயர்ப்பலகையில் இஷியும் இருந்திருக்க வேண்டும்.

வில்லுக்கென்று தனியாக மான் வேட்டைப் பருவத்தை முதலில் அறிவித்த மாநிலம் விஸ்கான்சின். 1934-இல் இரண்டு மாவட்டங்களில் மட்டும் அதை நடத்தினார்கள். அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். காட்டுயிர் மேலாண்மை என்ற துறைக்கே அடித்தளமிட்ட பேராசிரியர் அவர். தம் வில்லைத் தாமே செதுக்கிக்கொண்டவர். மிச்சிகனில் பிரெட் பேர் என்பவர் வில் செய்யும் தொழிலையே பெரிதாக வளர்த்தார். பிறகு மிசூரி மாநிலத்தின் ஹாலிஸ் வில்பர் ஆலன், வில்லின் இரு முனைகளிலும் கப்பி வைத்து ஒரு புது வகை வில்லை உருவாக்கினார். 1966-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969-இல் அவருக்குக் கிடைத்தது. காம்பவுண்டு வில் என்று இன்று எல்லோரும் சொல்வது அதன் வழிவந்ததுதான்.

அந்தக் கப்பி செய்த மாற்றம் சாதாரணமானதல்ல. பழைய வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் தாங்க முடியாது. கப்பி வில்லில் நடுவழியில் உச்சத்தைத் தொடும் பாரம் கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். 60 பவுண்டு வில் என்றால், 80 சதவீதம் குறையும் அமைப்பில், முழுதும் இழுத்த பின் கை தாங்குவது 12 பவுண்டு மட்டுமே. மான் இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கட்டும் என்று நாணை இழுத்தபடியே காத்திருக்க இது இடம் கொடுக்கிறது.

இனி அம்பின் கணக்கு. நல்ல காம்பவுண்டு வில்லின் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 280 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒலி நொடிக்கு 1,125 அடி போகிறது. அறுபது அடி தூரத்தில் நிற்கும் மானை நாணின் சத்தம் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். எச்சரிக்கையோடு நிற்கும் மானுக்கு அந்த இடைவெளி போதும். ஓடுவதற்காக அது முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலாகப் பறந்துவிடும். நாற்பது கஜத்தில் இந்த இடைவெளி இரட்டிப்பாகிறது. வில்காரர்கள் தூரத்துக்கு அஞ்சுவது கை நடுங்கும் என்பதற்காக மட்டுமல்ல. கை நடுங்காமல் சரியாக எய்த அம்பும் தவறான இடத்தில் பாய்ந்துவிடக்கூடும் என்பதுதான் பெரிய அச்சம்.

உயரத்திலிருந்து எய்யும்போது புதியவர்கள் கையை மட்டும் தாழ்த்துவார்கள், குறி தவறும். தோளும் கையும் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பில்தான் குனிய வேண்டும். மான் மரத்தடிக்கே வந்து நின்றால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அது கடினமான நிலை. செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகக்கூடும், ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடிவிடும். பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது எய்பவரிடமிருந்து சற்றே விலகித் திரும்பி நிற்கும் மான் மட்டுமே நியாயமான இலக்கு. நேர் எதிரே பார்த்து நிற்பது, ஓடுவது, கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பது எதன் மீதும் அம்பு விடக் கூடாது. விடாமல் இருப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்துகிறது. அம்பு கொல்வது இரத்தப் பெருக்கால். அதனால்தான் அம்பு முனையில் சவரக் கத்தி போன்ற அலகுகள். இரண்டு நுரையீரலும் துளைக்கப்பட்ட மான் பெரும்பாலும் சில நொடிகளில் நூறு கஜத்துக்குள் சாய்ந்துவிடும். ஆனாலும் உடனே இறங்கி ஓடக் கூடாது என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்து, அம்பு பாய்ந்த இடத்துக்குப் போய் இரத்தத்தைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், பல மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரைகூடத் தொடரக் கூடாது. விரட்டினால் அது படுத்த இடத்திலிருந்து எழுந்து, எங்கோ ஒரு புதரில் யார் கண்ணிலும் படாமல் சாகும்.

வில் வேட்டையின் மீது வைக்கப்படும் வலுவான குற்றச்சாட்டு இதுவே. காயப்பட்டுத் தப்பும் மான்களைப் பற்றி வில்காரர்கள் பேச விரும்புவதில்லை. மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில், குறி தேர்வில் தேறியவர்களை மட்டும் அனுமதித்துப் பல ஆண்டுகள் குறித்துவைத்த கணக்கில், அம்பு பட்ட மான்களில் சுமார் 82 சதவீதம் கைக்குக் கிடைத்தன. மீதி கிடைக்கவில்லை. பழகிய கைகளிடமே இந்த அளவு என்றால், பருவம் தொடங்கும் முதல் நாள் வில்லைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு மரம் ஏறுகிறவரை எப்படி நம்புவது? நியூயார்க் போன்ற சில மாநிலங்கள், தனிப் பயிற்சி வகுப்பை முடிக்காதவருக்கு வில் வேட்டை உரிமம் தருவதில்லை. எல்லா மாநிலங்களும் அதைக் கட்டாயமாக்கினால் நல்லது. கூடவே குறி பார்க்கும் தேர்வும் வைக்க வேண்டும்.

வேட்டைக்காரரைக் கொல்வது எது? அம்போ மானோ அல்ல. கீழே விழுவதுதான். 1979 முதல் 1989 வரை ஜார்ஜியா மாநிலத்தில் மான் வேட்டையில் நேர்ந்த காயங்களைக் கணக்கெடுத்தபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் பரணோடு தொடர்புடையவையாக இருந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும் அந்த ஓரிரு நொடிகளிலும்தான் பெரும்பாலான விபத்துகள். பனி படிந்த படி, மழையில் நைந்த பட்டை, தூக்கக் கலக்கம், இதில் ஏதாவது ஒன்று போதும். இருபது அடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்க நேரிடும். அதனால் தரையை விட்டுக் கால் எடுத்த கணத்திலிருந்து மீண்டும் தரை தொடும் வரை உடல் முழுவதற்குமான பாதுகாப்புப் பட்டையை மரத்தோடு இணைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் மன்றாடுகிறார்கள். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதில்லை, மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்வார்கள். பட்டை காப்பாற்றி அந்தரத்தில் தொங்கும்போதும் ஆபத்து தீர்ந்துவிடாது. கால்களை அசைக்காமல் தொங்கினால் இரத்தம் கால்களிலேயே தேங்கி மயக்கமும் மரணமும் வரலாம். அதற்காகக் கால் ஊன்றிக்கொள்ள ஒரு வாரும், எங்கே போகிறேன் என்று வீட்டில் எழுதிவைத்த ஒரு சீட்டும் அவசியம்.

இத்தனை ஆபத்தோடு எதற்காக மானைக் கொல்ல வேண்டும்? நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. கேட்கவும் வேண்டும்.

1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் சில லட்சங்கள்தான். சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதன் விளைவு. அந்த ஆண்டில் வந்த லேசி சட்டம் திருட்டு வேட்டை இறைச்சி மாநிலம் விட்டு மாநிலம் போவதைத் தடுத்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்ப் பணிகளுக்கென்று ஒதுக்கியது. 1970-களில் வில்லும் அந்த வரிக்குள் வந்தது. மான் பெருகியது. இன்று ஏறக்குறைய மூன்று கோடி என்கிறார்கள். ஆனால் அதைத் தின்ற ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பெரும்பாலான மாநிலங்களில் மனிதன் முன்பே ஒழித்துக்கட்டிவிட்டான். பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். தின்ன ஆளில்லாத மான் கூட்டம் காட்டின் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிட, முதிர்ந்த மரங்களுக்கு அடியில் அடுத்த தலைமுறை மரங்களே இல்லாத காடுகள் உருவாகியிருக்கின்றன. சாலைகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மோதல்கள் நடக்கின்றன. குளிர்காலத்தில் பட்டினியால் சாவதும் வாகனத்தில் அடிபட்டுச் சாவதும் அம்பால் சாவதைவிட இரக்கமானவை அல்ல. ஓநாயை ஒழித்த சமூகம், அது செய்த வேலையைத் தானே செய்தாக வேண்டியிருக்கிறது.

புறநகர்களில் துப்பாக்கிக்கு இடமில்லை. வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம், தன் பூங்காக்களில் தேர்வு செய்யப்பட்ட வில்காரர்களை மரப்பரணிலிருந்து வேட்டையாட அனுமதிக்கிறது. மேலிருந்து எய்த அம்பு தவறினாலும் மண்ணில்தான் குத்தி நிற்கும். நடந்து போகிறவர் மீதோ வீட்டுச் சன்னல் மீதோ போகாது. பரணின் இந்தப் பயன் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது.

கொன்ற மானின் கறியை விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டில் சமைக்கலாம், ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குக் கொடுக்கலாம். அண்மைக் காலத்தில் கறியின் மீதும் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான் இளைப்பு நோய் இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவியுள்ளது. உருமாறிய புரதத்தால் மூளையை அரிக்கும் நோய் இது. மருந்து இல்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதியில் கிடைத்த மானைப் பரிசோதித்த பிறகே சாப்பிடும்படி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது.

இந்த நியாயங்கள் எதுவும் இந்தியாவுக்குப் பொருந்தாது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலியும் சிறுத்தையும் செந்நாயும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மானை வேட்டையாடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆனாலும் இது நம்மவர்களுக்குத் தொடர்பில்லாத செய்தி அல்ல. வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து போகும் பெற்றோர் காலையும் மாலையும் அங்கேதான் நடக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்த பின் அரை மணி வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. செப்டம்பர், அக்டோபர் தொடங்கிக் குளிர்காலம் முடியும் வரை அந்தப் பக்கம் போகிறவர்கள் தங்கள் மாநிலத்தின் வேட்டைத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியோ மேல்சட்டையோ அணியுங்கள். போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தில் காலியான பரண் ஒன்று கண்ணில் பட்டால் அதில் ஏறிப் பார்க்க வேண்டாம். அதன் பட்டை எத்தனை ஆண்டு மழையில் நனைந்தது என்பது கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.